கான்பன் போர்டில் டாஸ்க்கின் அளவும் தாமதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்பன் போர்டு என்பது வேலையின் கட்டங்களை வரிசையாகக் காட்டும் பலகை. ஒவ்வொரு டாஸ்க்கும், அதாவது ஒவ்வொரு வேலையும், அதில் இடமிருந்து வலமாக நகரும் ஒரு கார்டு. போர்டு வைத்தாயிற்று, கார்டுகளும் போட்டாயிற்று, ஆனாலும் வேலை முடிகிற மாதிரி தெரியவில்லை. மென்பொருள் குழுக்களில் பலரும் இந்த நிலையில்தான் கேள்விகளோடு வருகிறார்கள். இங்குள்ள பதில்களுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: கார்டு பெரிதாக இருப்பதால் தாமதம் வருகிறது, ஆனால் அது காத்துக் கிடப்பதால் அதைவிட அதிகத் தாமதம் வருகிறது. ஆகவே அளவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காத்திருப்பையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு டாஸ்க் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

எல்லாக் குழுவுக்கும் பொருந்துகிற எண் கிடையாது. உங்கள் போர்டிலிருந்தே அதை எடுக்கலாம். கடைசியாக முடிந்த 40 கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வேலை தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை எத்தனை நாள் பிடித்தது என்று குறித்து, குறைந்ததில் தொடங்கி வரிசைப்படுத்துங்கள். 34-வது கார்டுக்கு எத்தனை நாள் ஆனதோ, அதுதான் உங்கள் 85 சதவீத எல்லை, அதாவது 100-ல் 85 கார்டு அதற்குள் முடிந்திருக்கிறது. சனி, ஞாயிறையும் சேர்த்தே எண்ணுங்கள், வேலையைக் கேட்டவர் அந்த நாட்களிலும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த எல்லை 9 நாள் என்று வைத்துக்கொள்வோம். இனிப் புதுக் கார்டை எடுக்கும்போது குழு கேட்டுக்கொள்ள வேண்டியது இது மட்டும்தான்: "இதுவரை நமக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், இது 9 நாளுக்குள் முடியுமா?" முடியும் என்றால் எடுங்கள். சந்தேகமாக இருந்தால் உடையுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் இந்தப் பேச்சு நீண்டால் அதுவே உடைக்க வேண்டும் என்பதற்கு அடையாளம்.

எல்லையே 45 நாள் என்று வந்தால்? அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பெரிய கார்டுகளாகப் போடத் தொடங்கிவிடாதீர்கள். அந்த 45 நாளில் பெரும்பகுதி யாரும் கைவைக்காமல் கிடந்த நாட்களாகத்தான் இருக்கும். முதலில் கீழே உள்ள விப் வரம்பு (ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடிய கார்டுகளின் உச்ச எண்ணிக்கை) பற்றிய பதிலைப் பாருங்கள்.

எல்லாக் கார்டும் ஒரே அளவில் இருக்க வேண்டுமா?

வேண்டாம். அரை நாள் வேலையும் ஆறு நாள் வேலையும் ஒரே போர்டில் ஓடலாம். மேல் எல்லையைத் தாண்டாமல் இருந்தால் போதும். சமமாக்கும் முயற்சியில் செலவழிகிற நேரத்துக்குப் பலன் மிகக் குறைவு.

அப்படியானால் ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்குக் கொடுக்கும் புள்ளி), மணிக்கணக்கு மதிப்பீடு எதுவும் தேவையில்லையா?

பெரும்பாலான குழுக்களுக்குத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. மதிப்பீடு எவ்வளவு வேலை என்றுதான் சொல்கிறது. காத்திருப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் வேலை என்று சரியாகவே மதிப்பிட்ட கார்டு, ரிவியூவுக்காக ஒரு வாரமும் டெஸ்டிங்குக்காக இன்னொரு வாரமும் கிடந்து மூன்றாவது வாரம் வெளியே வரும். மதிப்பீட்டில் தவறே இல்லை, ஆனால் அதை நம்பித் தேதி சொன்னவர் மாட்டிக்கொள்வார்.

இதற்கு நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. மென்பொருள் வேலைக்குக் கான்பன் முறை உருவான கதையில் முதல் அத்தியாயம் ஹைதராபாத்தில் இருந்த ஒரு குழுவுடையது. 2004-ல் மைக்ரோசாஃப்ட்டின் உள் பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்துவந்த குழு அது. கோரிக்கைகள் குவிந்துகொண்டே போயின, ஒரு மாற்றம் முடிந்து கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. பின்னாளில் கான்பன் முறையை எழுதிப் பரப்பிய டேவிட் ஆண்டர்சன் உதவிக்கு வந்து பார்த்தபோது தெரியவந்த விஷயம் இது: புதிதாக வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இரண்டு நாளுக்குள் மதிப்பீடு சொல்ல வேண்டும் என்று விதி. அதற்காக டெவலப்பரும் டெஸ்டரும் கையிலிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்கள். குழுவின் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படியே போனது. மதிப்பிட்டவற்றிலும் கணிசமானவை கடைசிவரை செய்யப்படவே இல்லை.

மதிப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். இடம் காலியாகும்போது மட்டும் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் இருந்த காத்திருப்பு வாரக்கணக்காகச் சுருங்கியது, குவிந்து கிடந்த கோரிக்கைகளும் 2005 முடிவதற்குள் தீர்ந்துபோயின. புதுத் தொழில்நுட்பம் எதையும் அதற்காகக் கொண்டுவரவில்லை.

ஒப்பந்தத்தில் விலை குறிக்க வேண்டும், பட்ஜெட் கேட்க வேண்டும் என்றால் மதிப்பீடு தேவைதான். அதைச் செய்யுங்கள். ஆனால் அந்த எண்ணைக் கார்டின் மேல் எழுதி ஒட்டி, அதை வைத்து ஆட்களை அளக்காதீர்கள்.

பெரிய கார்டை எப்படி உடைப்பது?

உடைப்பதில் அதிகம் நடக்கிற தவறு, வேலையின் கட்டங்களை வைத்து உடைப்பது. "டிசைன்" ஒரு கார்டு, "பேக்எண்ட்" ஒன்று, "ஸ்கிரீன்" ஒன்று, "டெஸ்டிங்" ஒன்று. நான்கு கார்டு வந்துவிட்டது, ஆனால் நான்கும் முடிந்தால்தான் யாருக்கும் பயன். முதல் மூன்று முடிந்துவிட்டதாகப் போர்டு காட்டும், பயனருக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. கட்டங்கள் ஏற்கெனவே போர்டில் இருக்கின்றன. அவற்றைக் கார்டாகவும் ஆக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு துண்டும் தனியாக வெளியே போய்ப் பயன்படும்படி உடைக்க வேண்டும். பஸ் டிக்கெட் பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார்டு: "டிக்கெட்டை ரத்து செய்தால் பணத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும்." கேட்கும்போது சின்னதாகத் தோன்றும். உள்ளே போனால் யூபிஐ, வங்கி அட்டை, வாலட் என்று பணம் வந்த வழி ஒவ்வொன்றுக்கும் தனி நடைமுறை. ஐந்து பேருக்கு எடுத்த டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மட்டும் ரத்து செய்யலாம். கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் மாறும். கூப்பன் போட்டு வாங்கியிருந்தால் எவ்வளவு திரும்பத் தருவது என்ற கேள்வி வேறு.

முதல் துண்டு இப்படி இருக்கலாம்: யூபிஐயில் பணம் கட்டியவர், கிளம்புவதற்கு ஒரு நாளுக்கு முன்னால், முழு டிக்கெட்டையும் ரத்து செய்கிறார். கூப்பன் இல்லை. பிடித்தம் ஒரே சதவீதம். மற்ற எல்லாச் சூழலிலும் "வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள்" என்று செய்தி காட்டினால் போதும். இது வெளியே போன அன்றே ஒரு பகுதிப் பயனர்களுக்கு வேலை நடக்கிறது. அடுத்த துண்டு வங்கி அட்டையில் கட்டியவர்கள். அதற்கடுத்தது சிலருக்கு மட்டும் ரத்து. கூப்பன் விஷயம் கடைசியில் வரட்டும். அதற்குள் எத்தனை பேர் கூப்பனோடு ரத்து செய்ய வருகிறார்கள் என்று தெரிந்துவிடும், அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட முடிவாகலாம்.

எங்கே வெட்டுவது என்று தெரியாமல் திகைத்தால், கார்டின் விளக்கத்தில் "மற்றும்", "அல்லது", "இல்லாவிட்டால்" எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வெட்டும் இடம் இருக்கும். ஏற்றுக்கொள்ளும் நிபந்தனைகள் எட்டு, பத்து என்று நீண்டிருந்தால் ஒவ்வொன்றையும் தனிக் கார்டாக நிறுத்திப் பாருங்கள்.

பெரிய கார்டில் இன்னொரு பாதகமும் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் முதலில் சாப்பிட்டு முடித்தவரும் கடைசி ஆள் மோர் சாதம் முடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார், பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரே கார்டுக்குள் ஐந்து வேலையை அடைத்தால் முதலில் முடிந்த நான்கும் ஐந்தாவதற்காக அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

சின்னதாக உடைத்தால் கார்டு பெருகி, ரிவியூ, டெஸ்டிங், ரிலீஸ் எல்லாம் அத்தனை முறை செய்ய வேண்டுமே?

உண்மைதான், ஒதுக்கிவிடக்கூடிய ஆட்சேபம் அல்ல. ஒவ்வொரு ரிலீசுக்கும் கையால் இரண்டு நாள் டெஸ்டிங் செய்ய வேண்டிய குழு, கார்டைச் சின்னதாக்கினால் டெஸ்டிங்கிலேயே மூழ்கிவிடும். அங்கே குறைக்க வேண்டியது அந்த இரண்டு நாளை.

டொயோட்டா இதே சிக்கலைத் தொழிற்சாலையில் சந்தித்தது. சிறு சிறு தொகுதியாகத் தயாரிக்க வேண்டும், ஆனால் உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் ராட்சத அச்சு எந்திரத்தில் அச்சை மாற்றவே பல மணி நேரம் ஆகும். அதனால் ஒருமுறை மாட்டினால் ஆயிரக்கணக்கில் அடித்துக் குவிப்பதே லாபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளரின் உதவியோடு, 1000 டன் அச்சு எந்திரம் ஒன்றில் நான்கு மணி நேரமாக இருந்த மாற்றும் வேலையை முதலில் 90 நிமிடமாகக் குறைத்தார்கள். பிறகு மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எந்திரம் நிற்கும்போதுதான் செய்ய முடிகிற வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்ததுதான் அதன் அடிப்படை. அப்புறம்தான் சிறு தொகுதி கட்டுப்படியானது.

நமக்கு அச்சு மாற்றுவது என்றால் தானியங்கி டெஸ்ட், ஒரே கட்டளையில் டிப்ளாய் (சர்வரில் ஏற்றுவது), வசதியை வெளியே அனுப்பியும் பயனருக்குக் காட்டாமல் வைக்கிற ஃபீச்சர் ஃபிளாக். இவற்றில் கொஞ்சம் கொஞ்சமாக உழைப்பைப் போடப் போட, கார்டைச் சின்னதாக்குவது மலிவாகும். இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள். ரிவியூவைப் பொறுத்தவரை இந்தக் கவலையே வேண்டாம். ஐம்பது வரி மாற்றத்தை உடனே பார்த்துவிடுவார்கள், ஆயிரம் வரி மாற்றத்தை நாளைக்குத் தள்ளிவைப்பார்கள்.

வேலையைத் தொடங்கிய பிறகுதான் கார்டு பெரியது என்று தெரிகிறது. என்ன செய்வது?

நடுவில் உடைக்கலாம், தாராளமாக. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரிந்து வந்த துண்டுகளில் ஏற்கெனவே கைவைத்தவை எல்லாம் பழைய கார்டின் தொடக்கத் தேதியைத்தான் சுமக்க வேண்டும். புதுத் தேதி போட்டால் பன்னிரண்டு நாள் கிடந்த வேலை காகிதத்தில் இன்று பிறந்ததாகிவிடும். இன்னும் தொட்டே பார்க்காத துண்டுகள் பேக்லாக்குக்கு (இன்னும் எடுக்காத வேலைகளின் பட்டியலுக்கு) திரும்பிப் போகட்டும், அவற்றுக்குக் கடிகாரம் பிறகு ஓடினால் போதும்.

தாமதம் உண்மையில் எங்கே நடக்கிறது?

ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில். பல போர்டுகளில் அந்த இடமே தெரியாது. "டெவலப்மெண்ட்" என்று ஒரே கட்டம் இருக்கும். நிரல் எழுதி முடித்து ரிவியூவுக்காகக் காத்திருக்கும் கார்டும் அதில்தான், இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கார்டும் அதில்தான்.

ஒவ்வொரு கட்டத்தையும் "நடக்கிறது", "முடிந்து காத்திருக்கிறது" என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பிறகு முடிந்த கார்டு ஒன்றின் கதையை நாள்வாரியாக எழுதுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை 10 நாள், அதில் யாராவது கைவைத்து வேலை பார்த்த நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் என்றால், வேலை நடந்தது 15 சதவீத நேரத்தில்தான். மீதி எட்டரை நாள் காத்திருப்பு. இந்தக் குழுவில் எல்லாரும் இரண்டு மடங்கு வேகமாகத் தட்டச்சு செய்தாலும் முக்கால் நாள்தான் மிச்சமாகும். காத்திருப்பைப் பாதியாக்கினால் நான்கு நாளுக்கு மேல் மிச்சம்.

விப் வரம்பை எவ்வளவு வைக்கலாம்?

ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-ல் நிறுவிய விதி ஒன்று இங்கே நேராக உதவும். கையில் இருக்கும் கார்டுகளின் சராசரி எண்ணிக்கை என்பது, வாரத்துக்கு முடியும் கார்டுகளையும் ஒரு கார்டுக்கு ஆகும் வாரங்களையும் பெருக்கினால் வருவது. வாரம் மூன்று கார்டு முடிக்கிற குழுவின் கையில் 12 கார்டு இருந்தால், ஒரு கார்டுக்குச் சராசரி நான்கு வாரம். அதே வேகத்தில் முடித்துக்கொண்டு கையில் ஆறு மட்டும் வைத்திருந்தால் இரண்டு வாரம். இது நீண்டகாலச் சராசரிக்குப் பொருந்தும் விதி. எடுப்பதும் முடிப்பதும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இருக்க வேண்டும், பாதியில் கைவிட்ட கார்டுகள் கணக்கைக் கெடுக்கக் கூடாது.

எண்ணைத் தேடி ஆராய்ச்சி செய்ய வேண்டாம். இன்று கையில் எத்தனை இருக்கிறதோ, அதிலிருந்து ஒன்றிரண்டைக் குறைத்து வரம்பாக வையுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று குறையுங்கள். கொஞ்சம் வலிக்கத் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். அந்த வலி எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான தகவல்.

வரம்பு நிரம்பிவிட்டால் சிலர் சும்மா இருக்க வேண்டிவருமே?

இந்தப் பயம்தான் பல போர்டுகளைக் கெடுக்கிறது. வரிசைகளைப் பற்றிய கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். எப்போது வரும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாத வேலைகளை ஒரே ஆள் செய்து அனுப்பும் எளிய மாதிரியில், அவருடைய நேரத்தில் 50 சதவீதம் நிரம்பியிருந்தால் ஒரு வேலை தன் செய்நேரத்துக்குச் சமமான நேரம் வரிசையில் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பினால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது மடங்கு. நிஜக் குழுவில் எண்கள் மாறும், வளைவின் போக்கு மாறாது. எல்லாரையும் முழுக்க நிரப்பி வைத்த குழுவில் கார்டு நகராது.

சரி, கை காலியானவர் என்ன செய்யலாம்? போர்டில் வலது பக்கம், அதாவது முடிவுக்கு அருகில் உள்ள கட்டங்களுக்குப் போகலாம். தேங்கி நிற்கும் ரிவியூவைப் பார்க்கலாம், டெஸ்டரோடு உட்காரலாம், டெஸ்டைத் தானியங்கியாக்கலாம். புதுக் கார்டை இழுப்பது இதெல்லாம் முடிந்த பிறகு.

பிளாக் ஆன (வெளிக் காரணத்தால் நகராமல் நின்றுபோன) கார்டைப் போர்டிலிருந்து எடுத்துவிடலாமா? எங்கள் தவறே இல்லையே?

எடுக்க வேண்டாம். கடிகாரத்தையும் நிறுத்த வேண்டாம். செக்யூரிட்டி அனுமதிக்காக எட்டு நாள் கிடந்தது என்றால், கேட்டவருக்கு அந்த எட்டு நாளும் தாமதம்தான். கழித்துவிட்டு அறிக்கை கொடுத்தால் அனுமதி நடைமுறையைச் சரிசெய்ய யாருக்கும் காரணம் இருக்காது.

"பிளாக்டு" என்று தனிக் கட்டம் வைப்பதையும் தவிருங்கள். கார்டு அங்கே போனதும் விப் வரம்பில் இடம் காலியாகும், உடனே இன்னொன்று உள்ளே வரும், பழையது மறந்துபோகும். கார்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேலே சிவப்புக் குறி, நின்ற தேதி, காரணம், யார் தொடர்ந்து கேட்கிறார் என்பது இருந்தால் போதும். மாதம் ஒருமுறை இந்தக் காரணங்களை மட்டும் கொட்டி வகைப்படுத்துங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வரும்.

கார்டு தாமதமாகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, கார்டின் வயது. அதாவது தொடங்கி இன்றோடு எத்தனை நாள். சைக்கிள் டைம் (தொடங்கியதிலிருந்து முடிந்ததுவரை ஆன நாட்கள்) முடிந்துபோன கார்டைப் பற்றித்தான் பேசும், வயது இன்னும் காப்பாற்றக்கூடிய கார்டைப் பற்றிப் பேசும். போர்டில் ஒரே ஒரு எண்ணைத்தான் காட்டலாம் என்றால் நான் வயதைத்தான் காட்டச் சொல்வேன்.

முன்பு வரிசைப்படுத்திய அதே 40 கார்டுகளுக்கு வாருங்கள். அவற்றில் 6 கார்டு எல்லையைத் தாண்டியவை. புதிதாகத் தொடங்கும் கார்டு எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 40-ல் 6, அதாவது 15 சதவீதம். 20-வது கார்டு முடிந்த வயதையும் தாண்டி ஒரு கார்டு இன்னும் முடியாமல் இருந்தால், அது இனி மீதி 20 கார்டுகளின் கூட்டத்தில் ஒன்று. அதே 6, இப்போது 20-ல். வாய்ப்பு 30 சதவீதம். 28-வது கார்டின் வயதையும் தாண்டினால் 12-ல் 6. பாதிக்குப் பாதி. ஆக, பிரச்சினை பெரிதான பிறகு பேசுவதற்குப் பதில், பாதி வழியைத் தாண்டும்போதே மஞ்சள் நிறம் காட்டச் சொல்லுங்கள். உடைப்பதா, இன்னொருவர் கைகொடுப்பதா என்று பேச அதுதான் நேரம்.

தினசரிக் கூட்டத்தை எப்படி நடத்துவது?

ஆள் ஆளாகக் கேட்காமல் கார்டு கார்டாகப் பாருங்கள். முடிவுக்கு அருகில் உள்ள வலது ஓரத்திலிருந்து தொடங்கி இடது பக்கம் வாருங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் வயதில் மூத்தது முதலில். நன்றாக நகரும் கார்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அவசர வேலை வந்தால்?

தனி வரிசை ஒன்று வையுங்கள், அதில் ஒரே ஒரு கார்டுக்குத்தான் இடம். அவசரம் என்று உள்ளே விட்ட ஒவ்வொன்றும் மற்ற எல்லாக் கார்டையும் ஒரு நாளாவது மூப்பாக்குகிறது. எப்போதும் அந்த வரிசை நிரம்பியே இருந்தால், யார் அவசரம் என்று அறிவிக்கலாம் என்பதை உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

"எப்போது முடியும்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒரு கார்டு என்றால்: "தொடங்கிய பிறகு 9 நாளுக்குள் முடிய 85 சதவீத வாய்ப்பு." சராசரியைச் சொல்லாதீர்கள். ஏகப்பட்ட கார்டுகள் சராசரியைத் தாண்டும், ஒவ்வொரு முறையும் நீங்கள் வாக்குத் தவறியவராகத் தெரிவீர்கள்.

முப்பது கார்டு மீதமுள்ள ஒரு வெளியீடு என்றால், கடந்த 12 வாரத்தில் வாரவாரம் எத்தனை கார்டு முடிந்தது என்று எடுங்கள். 12 எண்களையும் சீட்டில் எழுதிக் கலந்து, ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். கூட்டுத்தொகை முப்பதைத் தொடும்வரை எடுங்கள். எத்தனை முறை எடுத்தீர்களோ அத்தனை வாரம். கணினியில் இதையே ஆயிரம் தடவை செய்து, அவற்றில் 85 சதவீதம் எத்தனை வாரத்துக்குள் முடிகிறது என்று பாருங்கள். மான்டே கார்லோ என்று பெயர் பெரிதாக இருக்கிறது, ஒரு ஸ்பிரெட்ஷீட் போதும். முப்பது கார்டுகளும் அந்த அளவு எல்லைக்குள் உடைக்கப்பட்டவையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

யாருடைய கார்டுகள் அதிகம் தாமதமாகின்றன என்று மேலாளர் பெயர்ப்பட்டியல் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மரியாதையாக, காரணத்தோடு மறுங்கள். மேலே பார்த்த கணக்குப்படி தாமதத்தில் பெரும்பகுதி கார்டு யார் கையிலும் இல்லாதபோது சேர்ந்தது. கடினமான கார்டுகளை விரும்பி எடுப்பவரும், மற்றவர்களின் ரிவியூவுக்கு ஓடிப்போய் உதவுபவரும்தான் அந்தப் பட்டியலில் மேலே வருவார்கள். ஒருமுறை அது வெளியானால் போதும், அடுத்த வாரத்திலிருந்து தொடக்கத் தேதிகள் தள்ளிப் போடப்படும், முடியாத கார்டுகள் முடிந்த கட்டத்துக்கு நகரும், பிறகு போர்டில் இருக்கும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

பதிலுக்கு வேறு இரண்டு பட்டியல் கொடுங்கள். எந்தக் கட்டத்துக்கு முன்னால் எத்தனை நாள் காத்திருந்தன என்பது ஒன்று. எந்தக் காரணத்தால் எத்தனை நாள் பிளாக் ஆகி நின்றன என்பது இன்னொன்று. அனுமதி நடைமுறையை மாற்றுவது, இன்னொரு குழுவோடு பேசி ஒப்பந்தம் செய்வது, டெஸ்ட் சர்வருக்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் மேலாளரால் மட்டுமே முடிகிற காரியங்கள். அந்த இரண்டு பட்டியலிலும் அவருக்கு வேலை இருக்கிறது.